டோக்கன் போடுவதற்கு முன் அத்தையைக் கேள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிரைண்டரில் உளுந்து ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அண்ணன் பையன் போன் செய்தான்.

“அத்தை, மதுராந்தகம் பக்கத்துல ஒரு பிளாட் வருது. ஆயிரத்து இருநூறு சதுர அடி. சதுர அடி ஆயிரம் ரூபாய். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள டோக்கன் போட்டா அம்பது ரூபாய் குறைக்கிறாங்களாம். போட்டுடட்டுமா?”

“டோக்கன் எவ்ளோ?”

“இருபத்தஞ்சாயிரம்தான். வேணாம்னா திருப்பிக் குடுத்துடுவாங்களாம்.”

“எழுதிக் குடுத்தாங்களா?”

பதில் இல்லை. “அப்பா என்ன சொன்னார்?” என்றேன். “அப்பாதான் உங்களைக் கேட்கச் சொன்னார்” என்றான். எங்கள் வீட்டில் மனை விஷயம் என்றால் என்னைத்தான் கேட்பார்கள். குடும்பத்தில் முதலில் சூடு பட்டவள் நான்.

அவனுக்குச் சொன்னதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். பத்துப் பதினைந்து லட்சம் கையில் சேர்ந்து, “சும்மா பேங்க்ல கிடக்குதே” என்று மனசு அரிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் வக்கீல் இல்லை. ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். எனக்குத் தெரிந்தது தாம்பரம் தாண்டித் திண்டிவனம் வரைக்கும் ஜிஎஸ்டி சாலையின் இரண்டு பக்கமும் கல் நட்டு விற்கிற மனைகளின் கதை. அதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் என் கதை. 2009. செங்கல்பட்டு தாண்டி ஒரு கிராமம். டிவியில் விளம்பரம், ஞாயிற்றுக்கிழமை வேன், போகும்போது இட்லி, வரும்போது பிரியாணி, குழந்தைகளுக்குப் பலூன். வெயிலில் கலர் கலராகக் கொடி பறந்தது. 1200 சதுர அடி, சதுர அடி 150 ரூபாய். “பஞ்சாயத்து அப்ரூவல் மேடம்” என்று மேப்பை விரித்துக் காட்டினார்கள். ஊராட்சித் தலைவர் முத்திரை பளிச்சென்று இருந்தது. 1,80,000 ரூபாய் மனைக்கு, பதிவுச் செலவெல்லாம் சேர்த்து 2 லட்சம் ஆனது. நகையை வைத்துத்தான் வாங்கினேன்.

மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தர வேண்டியது டிடிசிபி என்கிற நகர் ஊரமைப்பு இயக்ககம், சென்னைப் பெருநகர் எல்லைக்குள் என்றால் சிஎம்டிஏ, ஊராட்சித் தலைவரின் முத்திரை மட்டும் செல்லாது என்று அன்றைக்கு யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவாகிக் கைக்கு வந்துவிட்டது, அப்புறம் என்ன என்று நினைத்துவிட்டேன்.

2016-ல் பெண்ணுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. மனையை விற்க ஆள் பார்த்து, விலையும் பேசி முடித்திருந்தோம். அந்த வருடம் செப்டம்பர் 9-ல் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழ்நாடு முழுக்கப் பதிவு நின்றது. என் மனையும் நின்றது. அடுத்த வருடம், 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் மனையாகப் பதிவானதை மறுபடி விற்கலாம் என்று வழி விட்டார்கள். வேறொருவர் வந்தார். அவருடைய வங்கி, “வரன்முறைப்படுத்தின உத்தரவு இல்லாமல் கடன் கிடையாது” என்று சொல்லிவிட்டது. அவரும் போனார். 2018-ல் விண்ணப்பம் போட்டு, கட்டணம் கட்டி, நடையாய் நடந்து உத்தரவு வாங்கினேன். கட்டணமும் அலைச்சலும் சேர்த்து 40,000 ரூபாய் ஆனது. 2021-ல்தான் விற்க முடிந்தது. 5,40,000 ரூபாய்க்கு.

“ஆஹா, மூணு மடங்கு!” என்றார் என் வீட்டுக்காரர். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். போட்ட பணம், இடையில் கட்டிய பணம், புரோக்கர் கமிஷன் எல்லாம் கழித்தால் வருடத்துக்கு ஏழரை சதவீதம் வந்தது. அதே 2009-ல் பிபிஎஃப் கணக்கில் 8 சதவீதம் வட்டி கொடுத்தார்கள். இடையில் அதைவிடக் கூடவும் கொடுத்தார்கள், 2020-ல் 7.1 ஆனது. தபால் ஆபீசில் போட்டுவிட்டு, பன்னிரண்டு வருடம் நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம்.

இந்தக் கதையில் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். மனையை வாங்குகிற நாளில் எல்லோரும் சிரித்துக்கொண்டே காப்பி கொடுப்பார்கள். விற்கிற நாளில் வாங்க வருகிறவரின் வக்கீலும் அவருக்குக் கடன் கொடுக்கிற வங்கியும் வந்து எதிரில் உட்காருவார்கள். அவர்கள் காப்பி குடிக்க மாட்டார்கள், காகிதம்தான் கேட்பார்கள். ஆகவே அந்த வக்கீலை இன்றைக்கே மனசுக்குள் கூட்டிக்கொண்டு போய் மனை பாருங்கள். பத்து வருடம் கழித்து அவர் கேட்கப் போவதை நீங்கள் இப்போதே விற்பவரிடம் கேட்டுவிட வேண்டும்.

இனி பையனின் மதுராந்தகம் மனைக்கு வருகிறேன். “பிரவுச்சர் வேண்டாம், சர்வே எண்ணை வாங்கி அனுப்பு” என்றேன். பிரவுச்சர் ஐந்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. சர்வே எண் வர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளே எனக்குப் பாதி பதில் சொல்லிவிட்டது. சாயங்காலத்துக்குள் டோக்கன் கேட்பவருக்குச் சர்வே எண் சொல்ல இரண்டு நாள் எதற்கு?

எண் வந்ததும் வருவாய்த் துறையின் இணையச் சேவைத் தளத்தைத் திறந்தேன். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் கொடுத்தால் பட்டாவும் அ-பதிவேடும் புலப்படமும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். எஃப்எம்பி என்பார்களே, அதுதான் புலப்படம். பட்டாவில் பரப்பு ஹெக்டேர்-ஏர் கணக்கில் இருக்கும். நாற்பதரை ஏர் என்றால் ஒரு ஏக்கர். ஏக்கருக்கு நூறு சென்ட், சென்டுக்கு 435.6 சதுர அடி, கிரவுண்டுக்கு 2400. இந்த நாலு எண்ணை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டாவில் இருக்கிற ஏக்கரைவிட பிரவுச்சரில் விற்கிற மனைகளின் மொத்தப் பரப்பு கூடுதலாக இருந்த ஒரு இடத்தை நானே பார்த்திருக்கிறேன். சாலைக்கும் பூங்காவுக்கும் விட்டது போகக் குறைந்துதானே இருக்க வேண்டும்!

புலப்படம் பார்க்கச் சின்னப் பிள்ளை வரைந்த கோட்டுப் படம் மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம். பையனின் மனை இருப்பது 114-ஆம் எண்ணில். ஊர்ச் சாலை இருப்பது 116-க்கு அந்தப் பக்கம். நடுவில் ஒடுக்கமாக, பாம்பு மாதிரி நெளிந்துகொண்டு 115. அ-பதிவேட்டில் 115 என்னவென்று பார்த்தால் ‘அரசு புறம்போக்கு, வாய்க்கால்’ என்று இருக்கிறது. பிரவுச்சரை எடுத்து ஒப்பிட்டேன். அதே இடத்தில் ‘30 அடி தார்ச்சாலை’ என்று பச்சை மரமெல்லாம் வைத்துப் படம் போட்டிருந்தார்கள். வாய்க்காலைத் தாண்டாமல் அந்த மனைக்குள் கால் வைக்க வழியில்லை. தாண்ட அனுமதி வாங்கினார்களா என்று கேட்டதற்கு, “டிடிசிபி அப்ளைடு சார், வந்துடும்” என்று பையனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அப்ளைடு என்பது வேறு, அப்ரூவ்டு என்பது வேறு. அனுமதி எண்ணும் தேதியும் முத்திரையிட்ட வரைபடமும் இருந்தால்தான் அனுமதி. அதோடு 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவோ, எட்டு வீட்டுக்கு மேற்பட்ட கட்டடமோ என்றால் ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. 2016-ல் வந்த மத்தியச் சட்டம், தமிழ்நாட்டில் 2017-லிருந்து நடப்பில் இருக்கிறது. வாங்குகிறவர்களிடம் வசூலிக்கிற பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டு அந்தத் திட்டத்துக்கே செலவழிக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. விளம்பரத்தில் ரெரா எண் இருக்கிறதா, அந்த எண்ணை ரெரா தளத்தில் போட்டால் அதே சர்வே எண்கள் வருகின்றனவா என்று பாருங்கள். பக்கத்துப் பேஸுக்கு வாங்கிய எண்ணை இந்தப் பேஸ் விளம்பரத்தில் போடுவது ஒரு பழைய வித்தை.

அடுத்து வில்லங்கம். பதிவுத் துறைத் தளத்தில் பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975-லிருந்து இலவசமாகவே பார்க்கலாம். பதின்மூன்று வருடத்துக்குப் போட்டால் போதும் என்பார்கள் புரோக்கர்கள். நான் முப்பது வருடத்துக்குக் குறைந்து போடுவதில்லை. ஆனால் ஈசி என்கிற வில்லங்கச் சான்றில் வில்லங்கம் இல்லை என்று வந்தாலே வில்லங்கம் இல்லை என்று ஆகிவிடாது. பதிவானது மட்டும்தான் அதில் வரும். பதியாத உயிலோ, கோர்ட்டில் நடக்கிற வழக்கோ, செத்துப்போனவரின் வாரிசு எத்தனை பேர் என்பதோ அதில் வராது. நாம் கொடுத்த சர்வே எண் தப்பு என்றால், வேறு யாரோ ஒருவரின் சுத்தமான நிலத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்போம். ஆகவே மூலப்பத்திரம் தொடங்கி இன்று விற்பவர் வரைக்கும் சங்கிலி அறாமல் வருகிறதா என்று நேரில் வாசிக்க வேண்டும். ஜெராக்ஸ் போதாது, அசலைப் பார்க்க வேண்டும். அசல் இல்லை, தொலைந்துவிட்டது என்றால் எங்கேயாவது அடமானத்தில் இருக்கக்கூடும்.

“ரிஜிஸ்டர் ஆகுதுல்ல, கவர்மென்ட்டே பார்த்துத்தானே பதிவு பண்றாங்க?” என்று கேட்டான். 2009-ல் நான் நினைத்ததும் அதேதான். விற்பவருக்கு உண்மையில் உரிமை இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்வது பதிவு அதிகாரியின் வேலையே இல்லை. தமிழ்நாட்டின் பதிவு விதி ஒன்றைப் பற்றிய வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பத்திரம் பதிவானது என்றால் இன்னார் இன்னாருக்கு எழுதிக் கொடுத்தார் என்று அரசாங்கப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

பவர் பத்திரம் வைத்து விற்பவரிடம் இன்னும் ஒரு மடங்கு ஜாக்கிரதை வேண்டும். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்துவிட்டாரா என்று பார்க்க வேண்டும். கொடுத்தவர் இறந்த நிமிடமே சாதாரணப் பவரும் போய்விடும். “பவர் எழுதிக் கொடுத்துடறோம், அதுவே கிரையம் மாதிரிதான்” என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பவர் எழுதி வாங்கினால் நிலம் உங்களுடையது ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.

காகிதம் பார்த்தாயிற்று. அடுத்த சனிக்கிழமை நானும் அவனும் பைக்கில் போனோம். கம்பெனி வேனில் போகக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டேன். வேனில் போனால் அவர்கள் காட்டுகிற திசையைத்தான் பார்க்க முடியும், சாப்பிட்ட பிரியாணிக்கு வாய் வேறு மூடிக்கொள்ளும். மனைக்குள் கல் நட்டு எண் எழுதியிருந்தார்கள். நான் கல்லைப் பார்க்கவில்லை, புல்லைப் பார்த்தேன். கடைசி இரண்டு வரிசையில் கோரை மண்டிக் கிடந்தது. அந்தப் பக்கம் போகப் போக மண் கறுத்துக்கொண்டே வந்தது. காய்ந்த இடத்தில் கோரை அப்படி மண்டாது.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர் ஆடு ஓட்டிக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன்.

“மழை பேஞ்சா இங்க எப்படிங்க பெரியவரே?”

“பத்து நாளு நிக்கும்மா. வாய்க்கா தூந்துபோச்சில்ல.” கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துவிட்டு, “வாங்க வந்தீங்களா? பொண்ணு கையெழுத்துப் போட்டுடிச்சா?” என்றார்.

எந்தப் பொண்ணு? பட்டாவில் இறந்துபோன நிலக்காரரின் மனைவியும் மூன்று மகன்களும்தான் இருந்தார்கள். “அவருக்கு ஒரு பொண்ணும் இருக்குதே. மேல்மருவத்தூர் பக்கம் வாக்கப்பட்டிருக்கு. சீர் செஞ்சுட்டோம்னு அண்ணனுங்க சொல்றானுங்க. அது வக்கீலப் பாக்கப் போவுதாம்.”

பையன் என்னைப் பார்த்தான். இந்த விவரம் எந்த வலைத்தளத்திலும் கிடையாது. அப்பா உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய சொந்தச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு என்பது 1956-லிருந்தே சட்டம். பூர்வீகச் சொத்திலும் மகளுக்குப் பங்கு என்று தமிழ்நாடு 1989-ல் கொண்டுவந்தது, நாடு முழுக்க 2005-ல் வந்தது. கல்யாணத்துக்கு நகை போட்டதெல்லாம் அந்தப் பங்குக்கு ஈடாகாது. வாரிசுச் சான்றிதழை வாங்கிப் பார்த்து, அதில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் நேராகக் கையெழுத்தோ பதிவான விடுதலைப் பத்திரமோ இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். நம் ஊரில் மனை வழக்குக்கு உள்ளே புகுந்து பார்த்தால் பாதிக்கு மேல் ஒரு அக்காவோ தங்கையோ அழுதுகொண்டு இருப்பாள் என்பது என் அனுபவம். அவளை விட்டுவிட்டு வாங்குவது சட்டத்துக்கு மட்டும் ஆகாத காரியம் இல்லை.

அப்படி ஆகாத இன்னொரு வகை நிலமும் எங்கள் மாவட்டத்தில் உண்டு. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரெமென்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கையின் பேரில், ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வெள்ளைக்கார அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலம். வேறு பிரிவினருக்குக் கைமாற்றினால் செல்லாது. கைமாறியவற்றை மீட்கக் கேட்டு 1994-ல் இதே மாவட்டத்தின் காரணை கிராமத்து மக்கள் நடத்திய போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து இருவர் உயிரிழந்தார்கள். அ-பதிவேட்டிலும் பழைய ஒப்படைப் பத்திரத்திலும் நிபந்தனை இருக்கிறதா என்று வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தொடாதீர்கள். கோயில் நிலம், வக்பு நிலம், பூதான நிலம், மேய்க்கால் புறம்போக்கு எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு வார்த்தை. மனை பார்க்க ஐப்பசி கார்த்திகையில் போங்கள். சித்திரையில் பார்த்தால் எல்லா ஏரியும் மைதானம்தான். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மொட்டை மாடியில் நின்ற குடும்பங்களில் எத்தனை பேர் வெயில் காலத்தில் மனை பார்த்து வாங்கியிருப்பார்கள் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இப்போது பணம். பையனிடம் இருப்பது 12 லட்சம், மனையும் 12 லட்சம். “பதிவுச் செலவு?” என்றேன். “அதுக்கு பர்சனல் லோன் போட்டுக்கலாம் அத்தை.” தலையில் அடித்துக்கொண்டேன். தமிழ்நாட்டில் மனைக் கிரையத்துக்கு 7 சதவீத முத்திரைத் தீர்வை, 2 சதவீதப் பதிவுக் கட்டணம். நான் விற்ற 2021-ல் பதிவுக் கட்டணம் 4 சதவீதம், மொத்தம் 11. 2023 ஏப்ரலில் அதை 2 ஆகக் குறைத்து, வழிகாட்டி மதிப்பை ஏற்றினார்கள். வழிகாட்டி மதிப்பு, பேசிய விலை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கணக்கு. ஆக 12 லட்சத்துக்கு 1,08,000. வக்கீல், பத்திர எழுத்தர், சர்வேயர், புரோக்கர், கம்பி வேலி எல்லாம் இதற்கு மேல். மனை விலையில் எட்டில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைக்காமல் பேச்சுவார்த்தைக்கே உட்காரக் கூடாது என்பது என் கணக்கு. பத்து லட்சத்துக்குட்பட்ட சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது, 2025 ஏப்ரலிலிருந்து. அம்மா பெயரிலோ மனைவி பெயரிலோ வாங்க இது ஒரு நல்ல சாக்கு.

ஆறு மாதச் சம்பளம் அவசரத்துக்கு என்று தனியாக இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு இருக்க வேண்டும். இவை இல்லாமல் மனை வாங்குகிறவர் அவசரத்துக்கு விற்பார், அவசரத்துக்கு விற்பவரின் முகத்தைப் பார்த்தே புரோக்கர் விலையைக் குறைத்துவிடுவார். மனையில் ஒரு மூலையை மட்டும் வெட்டி விற்று ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கட்ட முடியாது.

“ஒயிட்ல பாதி, பிளாக்ல பாதி” பேச்சும் வந்தே தீரும். வேண்டாம். அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறக் கூடாது, வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். இதை விடுங்கள், உங்கள் சுயநலத்துக்கே பாருங்கள். பத்திரத்தில் 6 லட்சம் என்று எழுதி 12 லட்சம் கொடுத்தால், நாளைக்கு 15 லட்சத்துக்கு விற்கும்போது லாபம் 9 லட்சம் என்றுதான் வருமான வரித் துறை கணக்கிடும். இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம் வரி. வாங்குபவர் அன்று மிச்சம் பிடித்த முத்திரைத் தீர்வையை விற்கும் நாளில் வட்டியோடு கட்டுவார்.

பிளாட் அல்ல, அடுக்குமாடி வீடு வாங்கி வாடகைக்கு விடலாமே என்றும் கேட்டான். கணக்குப் போட்டுக் காட்டினேன். 60 லட்சத்துக்கு வீடு, மாதம் 15,000 வாடகை என்றால் வருடத்துக்கு 3 சதவீதம். பராமரிப்பும், ஆளில்லாத மாதங்களும், பெயிண்ட் அடிக்கிற செலவும் போகக் கையில் நிற்பது இன்னும் குறைவு. 40 லட்சம் கடன் என்றால் 9 சதவீத வட்டியில் இருபது வருடத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய 36,000. உள்ளே 15, வெளியே 36. குடியிருக்க வாங்கினால் அது வேறு சமாச்சாரம். முதலீடு என்றால் இந்த 21,000 ரூபாயை மாதாமாதம் எங்கிருந்து போடுவாய் என்று கேட்டேன், அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டான்.

கொஞ்சப் பணத்தில் கட்டட வாடகையில் பங்கு வேண்டும் என்றால் ரீட் என்று ஒன்று இருக்கிறது. அலுவலகக் கட்டடங்களின் வாடகையைப் பிரித்துக் கொடுக்கும் அறக்கட்டளை. இந்தியாவில் முதலாவது 2019-ல் பங்குச் சந்தைக்கு வந்தது. பகிரக்கூடிய பணத்தில் 90 சதவீதத்தை யூனிட் வைத்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. பங்கு மாதிரியே ஏறும் இறங்கும், ஆனால் நாளைக்கே விற்கலாம், விஏஓ ஆபீசுக்குப் போக வேண்டாம். என் அண்ணனுக்கு இது பிடிக்காது. “மண்ணைக் கையில அள்ள முடியாதே” என்பார். அள்ளி என்ன செய்யப் போகிறார் என்று நான் கேட்பதில்லை.

கடைசியாக, வரப்போகும் விமான நிலையம், வரப்போகும் மெட்ரோ என்று விற்கிறவர்களைப் பற்றி. கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்துக்கு 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள், 2023 டிசம்பர் 30-ல் திறந்தார்கள். திறந்த அன்று பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. பேருந்து நிலையம் ஒன்றுக்கே இவ்வளவு காலம். பரந்தூர் விமான நிலைய அறிவிப்பு 2022-ல் வந்தபோது ‘ஏர்போர்ட்டுக்கு இருபது நிமிடம்’ என்று விளம்பரங்கள் முளைத்தன. அந்தப் பகுதியின் ஏகனாபுரத்தில் மக்கள் விமான நிலையத்துக்கு நிலத்தைக் கொடுக்க மாட்டோம் என்று போராடிக்கொண்டிருந்தார்கள். வரப்போவதன் விலையை இன்றைக்கே உங்களிடம் வாங்கிவிடுகிறார்கள், அது வராவிட்டால் திருப்பித் தர மாட்டார்கள். இன்றைக்கு இருக்கிற பள்ளிக்கூடம், இன்றைக்கு ஓடுகிற பஸ், இன்றைக்குச் சாயங்காலம் விளக்கெரிகிற பக்கத்து வீடு, இவற்றைப் பார்த்து விலை பேசுங்கள். சுற்றிலும் இருநூறு மனை விற்று ஒரு வீடுகூடக் கட்டாத இடத்தில் நீங்கள் விற்கப் போனால், அதே இருநூறு பேரும் உங்களோடு வரிசையில் நிற்பார்கள்.

பையனுக்கு நல்ல வேளையாக டோக்கன் போகவில்லை. அன்று திரும்பி வரும் வழியில் மதுராந்தகம் ஏரிக்கரையில் டீ குடித்தோம். வக்கீலுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டான். விற்பவர் காட்டுகிற வக்கீல் வேண்டாம், நம் செலவில் நம் வக்கீல், கொடுக்கிற கருத்துரையை எழுத்தில் வாங்கு என்று சொன்னேன்.

அவன் இன்னும் எதுவும் வாங்கவில்லை. அந்த 12 லட்சம் வங்கியில்தான் கிடக்கிறது. நேற்று ராத்திரி உத்திரமேரூர் பக்கம் ஒரு இடம் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். இந்த முறை பிரவுச்சர் இல்லை, சர்வே எண் மட்டும். இட்லிக்கு ஊறப்போட்டுவிட்டு வந்து புலப்படத்தைத் திறந்து வைத்திருக்கிறேன்.